கட்கிவாசிகளின் பணிவான விண்ணப்பம்

ஸ்டெல்லா அக்கா நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள். தலையில் எவர்சில்வர் டப்பா மூடி, தோளில் குறுக்காக என்னுடைய நீலத் துப்பட்டா, கையில் பாதி கடித்த காரி பிஸ்கட்.

"கவர்னர் தொலஞ்சான்!" என்று கத்தினாள். "லண்டன்லேர்ந்து கடுதாசி வந்துட்ச்சு! மூட்டை கட்டிக்கினு கப்பல் ஏறச் சொல்லிட்டாங்க!"

சாப்பாட்டு நேரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மேஜையைத் தட்டினார்கள். யாரோ விசில் அடித்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த சாந்தாபாய், எந்தக் கவர்னர், என்ன கடுதாசி என்று ஒன்றும் தெரியாமலே துடைப்பத்தைத் தூக்கி "ஜிந்தாபாத்!" என்றாள். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கவர்னர் கட்சி. என் துப்பட்டாவையே பிடுங்கி என் தலைவனின் வீழ்ச்சியைக் கொண்டாடினால் எனக்கு எப்படி இருக்கும்?

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் மேனேஜர் ஜோக்லேகர் சார் வெளியே வந்தார். திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் கப்சிப். ஸ்டெல்லா அக்கா இறங்க வழி தெரியாமல் மூடியோடு நின்றாள். அவர் திட்டவில்லை. "நல்ல மனுஷன், பாவம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் குரல் நிஜமாகவே கம்மியிருந்தது.

அந்தக் கவர்னர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என்ன வேலை அது?

இந்தத் தொடரில் நான் குடை தொலைத்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வேலைக்குப் போனேன், வேலைக்குப் போனேன் என்கிறீர்களே, என்ன வேலை என்று சொல்லவே இல்லையே?" நியாயமான கேள்வி. சொல்லாததற்குக் காரணம், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பம்பாயிலிருந்து மூன்று நாலு மணி நேர ரயில் தூரத்தில், பட்டாளத்து ஊரான கட்கியின் கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் ஒரு நீள அறை. பதினைந்து கம்ப்யூட்டர். கீழே பன் வேகும்போதெல்லாம் மேலே எங்களுக்குப் பசிக்கும். அந்த அறையில் நாங்கள் வெகுதூரத்துத் தீவு ஒன்றின் பழைய காகிதங்களைப் பார்த்து டைப் அடித்தோம். வெள்ளைக்காரர்கள் கப்பலில் போய் இறங்கி, ஆடு வளர்த்து, ஊர் கட்டி, இது எங்கள் நாடு என்று சொல்லிக்கொண்ட தீவு. அதன் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

கவர்னர் லண்டனுக்கு எழுதிய கடிதம், லண்டன் கவர்னரைத் திட்டி எழுதிய கடிதம், ஆட்டுப் பண்ணைக்காரர்கள் கவர்னர்மேல் கொடுத்த மனு, சட்டசபையில் நடந்த சண்டை எல்லாம் ஜெராக்ஸ் பிரதிகளாக அட்டைப் பெட்டியில் வரும். எல்லாம் கையெழுத்து. கூட்டெழுத்தில் சுழித்துச் சுழித்து எழுதியிருப்பார்கள். அதைப் படிக்க அந்த நாளில் எந்த மெஷினுக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. கன்டோன்மென்ட் கான்வென்ட்டில் சிஸ்டர்மார் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த அதே எழுத்து. அதனால்தான் ஜோக்லேகர் சார் வேலைக்கு ஆள் தேவை என்ற காகிதத்தை எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயில் வாசலில் ஒட்டினார். கெட்டிக்கார மனுஷன்.

தப்பு வராமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். நடுவில் பிளைவுட் தட்டி. பேசக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே ஒருத்தி தப்பு செய்திருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யவே மாட்டார்கள் என்பது அந்த ஏற்பாட்டின் நம்பிக்கை.

அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்குக் கட்கி கிறிஸ்தவப் பெண்களைத் தெரியாது.

கை தானாகப் போட்ட ஆமென்

நானும் ஸ்டெல்லா அக்காவும் ஜோடி. தட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் ரயில்வேயில். வாயாடி. கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் கூரையில் இடிக்கும்.

அந்தத் தீவின் சட்டசபை கூடும்போதெல்லாம் முதலில் ஒரு ஜெபம் படிப்பார்கள். எழுத்தர் அதை முழுசாக எழுதி வைத்திருப்பார், ஆனால் கடைசியில் ஆமென் போட்டிருக்க மாட்டார். சோம்பேறித்தனமோ என்னவோ. நாங்கள் போட்டோம். தெரிந்து போடவில்லை. ஜெபம் முடிந்தது, கை தானாக ஆமென் என்று அடித்துவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் கையும் அடித்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் எதுவும் இல்லை என்றது.

இப்படியே மூன்று பெட்டி போயிற்று. கடைசியாகப் படித்துப் பார்க்கும்போதுதான் ஜோக்லேகர் சார் கண்டுபிடித்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நீங்கள் டைப் அடிக்க வந்தீர்களா, பூஜை பண்ண வந்தீர்களா?"

"சார், ஜெபத்தைப் பாதில வுட்டா பாவம் சார்" என்று ஸ்டெல்லா அக்கா தமிழும் இந்தியும் கலந்து அடித்துவிட்டாள்.

மறுநாள் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'ஜோ திக்தா ஹை, வஹீ டைப் கரோ. சோச்சோ மத்.' கண்ணில் தெரிவதை மட்டும் அடி. யோசிக்காதே. அந்த அட்டையை மறந்துவிடாதீர்கள், அதுதான் பின்னால் எங்கள் தலையெழுத்தையே மாற்றியது.

இரண்டு கட்சி

யோசிக்காதே என்றால் யோசிக்காமல் இருக்க முடியுமா? நாள் பூராவும் ஒரு ஊர்க்காரர்களின் கடிதத்தைப் படித்தால் அந்த ஊரிலேயே குடியேறிவிட மாட்டோமா? எங்களுக்குக் கட்கி நகரசபைத் தலைவர் பெயர் தெரியாது. அந்தத் தீவின் நீதிபதிக்கும் கவர்னருக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரியும்.

கவர்னர் மாளிகை விருந்தில் சாப்பாட்டு அறைக்குள் முதலில் நுழைவது நீதிபதி மனைவியா, செயலாளர் மனைவியா என்று ஒரு சண்டை. ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து. லண்டன் மந்திரிவரை போயிற்று. பத்திரிகை ஆசிரியர் ஒருவரைக் கவர்னர் ஜெயிலில் போட்டார். அந்த ஆள் ஜெயிலுக்குள் உட்கார்ந்தே தலையங்கம் எழுதி வெளியே அனுப்பினார். பத்திரிகை முன்னைவிட அதிகம் விற்றது! அந்தப் பக்கங்களை அடிக்கும்போது ஸ்டெல்லா அக்கா தட்டிக்கு அந்தப் பக்கம் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

அவள் எதிர்க்கட்சித் தலைவி. "வரி போடறான், கேட்டா ஜெயில்ல போடறான். என்னா மனுஷன் அவன்?" என்பாள். நான் கவர்னர் கட்சியில் சேர்ந்தது அவர் தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்களால். எல்லோரையும் அதிகாரமாக மிரட்டும் மனிதர், அக்காவுக்கு எழுதும்போது மட்டும், இங்கே மழை நிற்கவில்லை, பூட்ஸ் ஒழுகுகிறது, இந்த ஊரில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று எழுதுவார். அந்தக் கடிதங்களை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடிப்பேன். ஜோக்லேகர் சாரும் எங்கள் கட்சி என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அவருக்கும் மேலே பம்பாயில் முதலாளிகள், கீழே நாங்கள். தன் கதையையே படிக்கிற மாதிரி இருந்திருக்கும்.

பெட்டிகள் வரிசையாக வராது. அதனால் கவர்னர் கதி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தினமும் டப்பா திறக்கும்போது விவாதம். பருப்பு சாதத்துக்கும் உருளைக்கிழங்கு பாஜிக்கும் நடுவில் எங்கள் சட்டசபை கூடும்.

ஒரே ஒரு நாள் கூடவில்லை. அன்று காலை நான் அடித்த ஒரு பக்கத்தில், ஆற்றங்கரையில் இருந்த கறுப்பர்கள், அதாவது அந்தத் தீவின் பூர்வகுடிகள், 'கலைக்கப்பட்டார்கள்' என்று ஒரு வரி. கூட்டத்தைக் கலைத்தார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். அடுத்த பக்கத்தில், செலவான தோட்டாக்களுக்குப் பதிலாகப் புதிய தோட்டாக்கள் கேட்டிருந்தார்கள். கீழே என் கவர்னரின் கையெழுத்து. அனுமதிக்கப்பட்டது.

என் அப்பா வேலை செய்ததே தோட்டா செய்யும் தொழிற்சாலையில்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டெல்லா அக்காவும் டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

"இத்தினி மனு எழுதுனாங்களே, ஜெசிந்தா" என்றாள். "எல்லாத்துலயும் இந்நாட்டுவாசிகள், இந்நாட்டுவாசிகள்னு போட்டுக்கினாங்க. அந்த ஊர்க்காரங்க பேரு ஒண்ணுல கூட இல்லியேடி."



சங்கு கேட்கும் தூரம்

இப்போது ஸ்டெல்லா அக்கா நாற்காலியில் ஏறிய நாளுக்கு வருகிறேன். அவள் ஒருவழியாக இறங்கி, என் துப்பட்டாவை எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுத்த பிறகும் ஜோக்லேகர் சார் போகாமல் அங்கேயே நின்றார்.

"எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது" என்றார்.

பம்பாயிலிருந்து. ஆபீசைத் தளேகாவுக்கு மாற்றுகிறார்கள். அங்கே தொழிற்பேட்டையில் பெரிய ஷெட் வாங்கியாயிற்று. தீபாவளி கழித்து எல்லோரும் அங்கே வர வேண்டும். லோக்கல் ரயில் இருக்கிறது, வர முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்கள் சொல்லிவிடலாம்.

மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் ஸ்கூல், மாமியார் மருந்து, ராத்திரிச் சமையல் என்று ஆயிரம் கஷ்டம். எனக்கு ஒரே கஷ்டம். அது என் அப்பா.

நான் வேலைக்குப் போக அவர் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின்பேரில். "நம்ம ஃபேக்டரி சங்கு கேக்கற தூரத்துல எங்க வேணா வேல பாரு" என்றார். "சங்கு கேக்காத எடத்துக்கு எம்பொண்ணு போவ மாட்டா." வேலூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அந்தச் சங்குதான் கடிகாரம், எல்லைக்கல் எல்லாம். பேக்கரி மாடியில் அது ஜன்னல் கண்ணாடி அதிரக் கேட்கும். தளேகாவில் எங்கே கேட்கப்போகிறது?

வேலை போனால் அடுத்து என்ன என்பதும் தயாராக இருந்தது. காட்பாடியில் ஒரு மாப்பிள்ளை. போட்டோவில் பார்த்தேன், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயது. வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் காலையில் எழும்போது சந்தோஷமாக இருந்தது. ஒரு தீவின் அரசியலே என் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு யாருக்கோ டிபன் கட்ட எனக்கு மனசில்லை. பச்சையாகச் சொன்னால், அழுகை அழுகையாக வந்தது.

மனு எழுதுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்

"அரே, இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள் ஸ்டெல்லா அக்கா. "எட்டு மாசமா மனுவா அடிச்சுத் தள்ளியிருக்கோம். கவர்னருக்கே எழுதுனானுங்க. ஜோக்லேகர் என்னா பெரிய லாட் துரையா? எழுதுடி!"

எழுதினோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லச் சொல்ல, நான் என் கான்வென்ட் கூட்டெழுத்தில், நீள வெள்ளைத் தாளில், அந்த ஆட்டுப் பண்ணைக்காரர்களின் இங்கிலீஷிலேயே. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

'மேன்மை தங்கிய கவர்னர் ஜோக்லேகர் துரையவர்கள் சமூகத்துக்கு, கட்கிவாசிகளாகிய கீழே கையெழுத்திட்டோரின் பணிவான விண்ணப்பம். தங்கள் விண்ணப்பதாரர்கள் அமைதியும் விசுவாசமும் உள்ள குடிகள் என்றும், தளேகாவ் என்னும் தொலைதூர மாவட்டத்துக்குக் குடிபெயர்க்கப்படுவதால் அவர்தம் குழந்தைகளும் அடுப்புகளும் பெருந்துன்பம் அடையும் என்றும், விண்ணப்பதாரர்களில் ஒருத்தி ஓர் ஆலைச் சங்கின் ஒலி எட்டும் எல்லைக்கு அப்பால் உழைக்கத் தந்தையால் தடை செய்யப்பட்டவள் என்றும் பணிந்து தெரிவிக்கலாயினர்.'

அடுப்புகளும் என்பது ஸ்டெல்லா அக்கா சேர்த்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. வேலை போகப்போகிற துக்கத்தில் எழுத உட்கார்ந்தவர்கள் அப்படிச் சிரிக்கலாமா? சிரித்தோம்.

நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் போட்டு முடித்ததும் ஸ்டெல்லா அக்கா தாளைத் தூக்கிக்கொண்டு சாந்தாபாயிடம் போனாள். ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் சாந்தாபாய். தளேகாவ் என்றால் அவளுக்கு வேலையே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

"நீயும் போடு, சாந்தாபாய். நம்ம மனுவுல இங்க இருக்கறவங்க எல்லார் பேரும் இருக்கணும்."

அவளுக்கு எழுதத் தெரியாது. முத்திரை போடும் ஊதா மையில் கட்டைவிரலைத் தொட்டு அழுத்தினாள். நான் பக்கத்தில் 'சாந்தாபாய், அவள் குறி' என்று எழுதினேன். பழைய மனுக்களில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பதிவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று முறைப்படி ஜெராக்ஸும் எடுத்தோம். அவருடைய பிரதியைக் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அன்று சாயங்காலம் அவர் தளேகாவ் ஷெட்டைப் பார்க்கப் போயிருந்தார். அறை காலி. மேஜைமேல் காகிதக் கட்டு ஒன்று. மேலே பளிச்சென்று வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வந்ததும் வராததுமாக என் கையெழுத்தைப் பார்த்துவிடுவாரே! கட்டுக்கு நடுவில் செருகிவிட்டு ஓடிவந்துவிட்டேன். சாவகாசமாகப் புரட்டும்போது பார்க்கட்டும்.

அது ஜோடிக்கு இன்னொரு பிரதி எடுத்து, இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு அடிக்கப் போக வேண்டிய கட்டு.

தீவிலிருந்து ஒரு கேள்வி

வாரக்கணக்கில் பதில் இல்லை. மனுவைப் படித்துவிட்டுக் கல்லுளிமங்கன் மாதிரி இருக்கிறாரே என்று எங்களுக்கு ஒரே ஆத்திரம். யாரும் அவருக்குக் குட்மார்னிங் சொல்லவில்லை. சாந்தாபாய் அவர் அறையை மட்டும் அரைகுறையாகப் பெருக்கினாள். அவர் பாவம், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் எங்கள் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். சமோசாவைத் தின்றுவிட்டுக் கோபத்தைத் தொடர்ந்தோம்.

ஒரு நாள் காலை கதவு திறந்தது. "ஜெசிந்தா. ஸ்டெல்லா. அந்தர் ஆவோ" என்று உள்ளே கூப்பிட்டார்.

அந்த ஆபீசில் இன்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அவருடையது. அதில் ஓர் ஈமெயில். அந்தத் தீவின் ஆவணக் காப்பகத்து அம்மாள் எழுதியது. அவர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

தங்கள் பட்டியலைவிட ஒரு பக்கம் கூடுதலாக வந்திருக்கிறது. அது கட்கிவாசிகள் கவர்னர் ஜோக்லேகருக்குக் கொடுத்த விண்ணப்பம். கட்கி, தளேகாவ் என்ற ஊர்களைத் தங்கள் வரைபடத்தில் தேடிப் பார்த்தும் காணவில்லை. அப்படியொரு கவர்னரும் இல்லை. ஆனால் இந்தப் பெட்டியிலேயே ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடிக்கப்பட்ட பக்கம் இதுதான். ஒரே ஒரு சந்தேகம். எங்கள் ஆவணங்களில் ஒவ்வொரு மனுவுக்கும் பின்னால் கவர்னரின் பதில் இருக்கும். இதற்கு இல்லை. அந்தப் பக்கம் விடுபட்டிருந்தால் அனுப்பி வைக்கவும்.

கிண்டலடித்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்ன நடந்தது என்று இரண்டாவது ஷிஃப்ட் செல்வி வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண். புருஷன் சாஃப்ட்வேரில். "ஏனுங்க சார், அடிக்கறப்பவே கொஞ்சம் சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு. உங்க பேரெல்லாம் வருதேன்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாருக்கு இந்தியில் மாற்றிச் சொன்னேன். "ஆனா யோசிக்காதேன்னு நீங்கதானுங்களே சுவத்துல எழுதி மாட்டியிருக்கீங்க!" அவளும் அடித்திருக்கிறாள், அவள் ஜோடியும் அடித்திருக்கிறாள். பக்க எண் முத்திரை குத்தி, சாந்தாபாயின் கட்டைவிரலுக்கு 'குறி' என்று சதுர அடைப்புப் போட்டு, சட்டப்படி, சுத்தமாக. கம்ப்யூட்டர் வித்தியாசம் இல்லை என்றதும் சிடியில் ஏறிக் கடல் தாண்டிவிட்டது.

ஜோக்லேகர் சார் முகம் சிவந்திருந்தது. "பம்பாய்க்கு நான் என்ன சொல்வேன்? இந்த ஒப்பந்தமே போனால்?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இதை என் கையில் கொடுத்திருந்தால் என்ன?"

"கொடுத்தேன் சார். நடுவுல" என்றேன்.

போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுவைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சங்கு வந்த இடத்தில் சிரிக்கப்போனவர், தந்தையால் தடை என்றதும் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"மொதல் கையெழுத்து யாருது?"

"என்னுது."

"மக்கு! ஃபேக்டரில நாங்க வட்டமா போடுவோம். எவன் மொதல்ல போட்டான்னு எவனுக்கும் தெரியாது. இத்தினி வருஷம் எனக்குப் பொண்ணா இருந்து இதுகூடத் தெரியல உனக்கு!"

மனு போட்டதற்குக் கோபமே இல்லை. அம்மா காட்பாடிக்காரர்கள் தீபாவளிக்கு வருவதாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்த்து, "இரு, அவ வேல என்னாவுதுன்னு தெரியட்டும்" என்றார்.

பேசக்கூடாத பக்கம்

நாலு நாள் கழித்து, காலைக் கட்டிலிருந்து எங்கள் பங்கு வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பிரதி, அந்தப் பக்கம் ஒரு பிரதி. முதல் மூன்று பக்கம் கம்பளி விலை. நாலாவது பக்கத்தைப் புரட்டினேன்.

கையெழுத்து வேறு. சாய்வாக, ரொம்பக் கஷ்டப்பட்டுச் சுழித்து எழுதியது. மேலே ஒழுங்காகப் பக்க எண் முத்திரை. 'கட்கிவாசிகளின் விண்ணப்பத்துக்கு மேன்மை தங்கிய கவர்னரின் பதில்.'

என் கீபோர்டு நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்காவின் கீபோர்டும் நின்றது. அவளும் அங்கே வந்துவிட்டாள்! எழுந்து கத்தலாம் போலிருந்தது. பேசக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஜோக்லேகர் சார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தெரிவதை அடிக்க ஆரம்பித்தேன்.

'விண்ணப்பத்தைக் கவர்னர் கவனமாகப் படித்தார். தமக்கு நேராகக் கொடுக்கப்படாமல், கடல் கடந்து தெரியவந்ததற்காக வருந்துகிறார். கட்கிவாசிகளின் வேலையில் ஓர் எழுத்தும் பிசகவில்லை என்று தீவிலிருந்து வந்த சான்றைப் பம்பாயில் உள்ள மேலிடத்துக்கு அனுப்பி, இப்பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தளேகாவில் கிடைக்க மாட்டார்கள் என்று எடுத்துரைத்தார். மேலிடம் இசைந்தது.'

தட்டிக்கு அந்தப் பக்கம் கீபோர்டு படபடவென்று ஓடியது. நானும் ஓடினேன்.

'எனவே, விண்ணப்பதாரர்கள் அனைவரும், குறி இட்டவர் உட்பட, பேக்கரிக்கு மேலுள்ள மாடியிலேயே தொடர்வார்கள். சங்கொலிக்குக் கட்டுப்பட்ட விண்ணப்பதாரர் அவ்வொலி எட்டும் எல்லையிலேயே உழைக்கலாம். அவருடைய தந்தைக்குக் கவர்னரின் வணக்கம்.'

எழுத்துகள் மங்கின. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே எண்ணெய்க் கறைத் துப்பட்டா, கடைசி வரிக்கு வந்தேன்.

'புதிய ஷெட்டைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்பதால், கவர்னர் மட்டும் தீபாவளிக்குப் பிறகு தளேகாவுக்குக் குடிபெயர்வார். காலை லோக்கலில்.'

அவ்வளவுதான். கையெழுத்து. தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினாள். கவர்னர் தொலைந்தான் என்று நாற்காலியில் ஏறி ஆடியவள்தான். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் முடித்து, ஒப்பிடக் கொடுத்தோம். ஜோக்லேகர் சார் வெளியே வந்து எங்கள் பின்னால் நின்றார். திரையில் பக்கம் ஓடியது. கடைசியில், அவருடைய கையெழுத்துக்குக் கீழே, காகிதத்தில் இல்லாத ஒரு வார்த்தை என் பிரதியில் இருந்தது. ஸ்டெல்லா அக்காவின் பிரதியிலும் இருந்தது. இரண்டு பேரும் சத்தியமாக ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஆமென்.

வித்தியாசம் எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் சுவரில் தொங்கிய அட்டையை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார். அழிக்கும் பட்டன்மேல் விரலை வைத்தார், எடுத்தார்.

"டீக் ஹை" என்றார். "அனுப்பிவிடுங்கள்."